மனித உருவேற்ற மரணமும் காதலியின் இசைவும்: 1921 முதல் 1998 வரையிலான நான்கு திரைப்படங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மரணம் மனித உருவெடுத்து மானிடரிடையே வாழ்ந்து காதல் கொள்வதாக அமையும் கதை, இருபதாம் நூற்றாண்டின் மேலைத் திரைப்படங்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டுள்ளது. இக்கதைகளைப் போர்க்காலத் துயருக்கான ஆறுதலாகவோ வெறும் மிகைபுனைவாகவோ காண்பதே பெருவழக்காக உள்ளது. இக்கட்டுரை வேறொரு வினாவை முன்வைக்கிறது. மரணம் யார்மீது காதல் கொள்கிறதோ அவருக்குத் தம் எதிரே நிற்பது யார் என்று தெரியுமா? தெரிந்தபின் முடிவெடுக்கும் உரிமை அவரிடம் உள்ளதா? ஃபிரிட்ஸ் லாங்கின் 'டேர் முய்டே டோட்' (1921), மிட்செல் லைசனின் 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே' (1934), ழான் கொக்தோவின் 'ஓர்ஃபே' (1950), மார்ட்டின் பிரெஸ்டின் 'மீட் ஜோ பிளாக்' (1998) ஆகிய நான்கு படங்களும் இவ்வினாவின் வழி ஒப்பிடப்படுகின்றன. காலப்போக்கில் காதலுக்குரியவரின் உயிர் காக்கப்படுவது கூடியும், அவர் அறிந்து இசையும் வாய்ப்பு குறைந்தும் வந்துள்ளமை இக்கட்டுரையில் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மரணத்தின் மனிதவுருவாக்கம், மிகைபுனைவுக் காதல் படம், இசைவு, மரணமும் கன்னியும், மறைக்கப்பட்ட மரணம், இலக்கணப் பால்.

1. முன்னுரை

மரணம் ஒரு நிகழ்வு. அதற்கு முகமோ குரலோ இல்லை. முகமும் குரலும் கொடுத்த உடனே அது வினவப்படத் தக்கதாகிவிடுகிறது. ஏன் வந்தாய், யாரைக் கொண்டுபோகிறாய், இன்னும் ஒரு நாள் தரமாட்டாயா என்றெல்லாம் கேட்க முடிகிறது. மரணத்தை மனிதராக்கும் கதைகள் அனைத்திற்கும் அடிப்படை இந்தக் கேட்கும் வாய்ப்பே. சாவித்திரியின் கதையை அறிந்த வாசகர்க்கு இது புதிதன்று. ஆயினும் அக்கதையில் எமன் தேவனாகவே வருகிறான், மனிதனாக மாறுவதில்லை, சாவித்திரியைக் காதலிப்பதும் இல்லை. இங்கு ஆராயப்படும் கதைமரபில் மரணம் தன் தொழிலிலிருந்து விலகி விருந்தாளியாக வருகிறது, உணவு உண்கிறது, நடனமாடுகிறது, இறுதியில் ஒருவர்மீது காதல் கொள்கிறது.

இம்மரபின் மையப் படைப்பாகக் கொள்ளத்தக்கது 1934ஆம் ஆண்டின் 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே' (மரணம் விடுமுறை எடுக்கிறது). 1998இல் வெளிவந்த 'மீட் ஜோ பிளாக்' அதன் தூண்டுதலால் உருவானது என்பதை அப்படத்தின் பெயர்ப்பட்டியலே தெரிவிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட 64 ஆண்டுகளில் கதையின் முடிவு தலைகீழாக மாறியது. முன்னதில் காதலி மரணத்துடன் செல்கிறாள். பின்னதில் அவள் உலகிலேயே விடப்படுகிறாள். இம்மாற்றத்தைப் பெண்ணுக்கு நேர்ந்த நன்மையாகக் கொள்வது எளிது. அவ்வாறு கொள்வதற்கு முன் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள்ளன.

2. மரபின் பின்புலம்

மரணத்தை மேடையில் பேசும் மாந்தராக நிறுத்துவது கிரேக்க நாடகத்திலேயே காணப்படுகிறது. கி.மு. 438இல் அரங்கேறிய யூரிப்பிடீசின் 'அல்கெஸ்டிஸ்' நாடகத்தில் தனடோஸ் (மரணம்) நேரில் தோன்றி அப்பல்லோவுடன் வாதிடுகிறான். மன்னன் அட்மீட்டசுக்குப் பதிலாக ஒருவர் இறக்க முன்வந்தால் அவன் பிழைக்கலாம் என்பது ஏற்பாடு. முதிய பெற்றோர் மறுக்கின்றனர். மனைவி அல்கெஸ்டிஸ் இசைகிறாள். ஹெராக்ளிஸ் தனடோசுடன் மற்போரிட்டு அவளை மீட்டு வருகிறான். மீண்டுவந்த அல்கெஸ்டிஸ் முகத்திரையுடன் நிற்கிறாள். ஒரு சொல்லும் பேசுவதில்லை. சாவதற்குத் தானே இசைந்தவள், மீட்கப்பட்டபோது பேச்சற்றவளாக நிறுத்தப்படுகிறாள். பின்வரும் திரைப்படங்களை நோக்குகையில் இக்காட்சி நினைவில் கொள்ளத்தக்கது.

ஐரோப்பிய ஓவியத்தில் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மரணமும் கன்னியும்' என்னும் பொருண்மை வலுப்பெற்றது. ஹான்ஸ் பால்டுங் கிரீன், நிக்லாவுஸ் மானுவல் ஆகியோரின் ஓவியங்களில் அழுகிய உடலுடைய மரணம் இளம்பெண்ணைத் தழுவுகிறது. அங்கு மரணம் காதலனின் செயலைச் செய்கிறது. ஆனால் காதலன் அன்று. பெண்ணின் முகத்தில் அச்சமே தெரிகிறது. பின்னர் மத்தியாஸ் கிளாவுடியசின் கவிதைக்கு 1817இல் ஷூபர்ட் இசையமைத்தபோது மரணம் அச்சுறுத்துவதை விட்டு ஆற்றுப்படுத்தும் குரலைப் பெற்றது. வன்கவர்தல் மென்சொல்லாக மாறியது. இருபதாம் நூற்றாண்டுத் திரைப்படம் பெற்றுக்கொண்டது இந்த மென்சொல் மரணத்தையே.

மூன்றாவது ஊற்று நாட்டுப்புறக் கதைகள். மரணத்தை மரத்திலோ சாக்கிலோ அடைத்துவைக்க, உலகில் எவரும் சாகாமல் போகும் கதைகள் ஐரோப்பா முழுதும் வழங்குகின்றன. கிரிம் சகோதரர் தொகுத்த 'மரணம் என்னும் ஞானத்தந்தை' கதையில் ஒவ்வொரு மனித உயிரும் ஒரு குகையில் எரியும் மெழுகுவத்தியாகக் காட்டப்படுகிறது. முன்னது லைசனின் 'விடுமுறை'க்கும், பின்னது லாங்கின் மெழுகுவத்திக் கூடத்திற்கும் முன்வடிவங்கள் எனலாம்.

3. சோர்ந்த மரணம் (1921)

லாங்கும் தியா ஃபான் ஹார்பூவும் எழுதிய 'டேர் முய்டே டோட்' (சோர்ந்த மரணம்) 1921 அக்டோபரில் வெளிவந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனி ஏறத்தாழ 20 லட்சம் படைவீரரை இழந்திருந்தது. லாங்கின் தாயாரும் 1920இல் மறைந்திருந்தார். இப்படத்தில் மரணமாக வருபவன் (பெர்ன்ஹார்ட் கோட்ஸ்கே) ஒரு சிற்றூரின் இடுகாட்டை ஒட்டிய நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, வாயிலற்ற பெருஞ்சுவர் எழுப்புகிறான். ஊர்ப் பெரியோர் அவன் யார் என்று துருவிக் கேட்காமல் பொன்னைப் பெற்றுக்கொள்கின்றனர். மரணம் மனித உலகில் முதலில் நுழைவது ஒரு குத்தகை ஒப்பந்தத்தின் வழியே என்பது குறிப்பிடத்தக்கது.

காதலனை இழந்த இளம்பெண் (லில் டாகோவர்) அச்சுவருக்குள் புகுந்து அவனை மீட்டுத்தர வேண்டுகிறாள். அணையும் நிலையிலுள்ள மூன்று மெழுகுவத்திகளில் ஒன்றையேனும் அவள் காத்தால் காதலன் மீள்வான் என்கிறான் அவன். பாக்தாத், வெனிஸ், சீனம் என மூன்று நிலங்களில் மூன்று காதல் கதைகள் நிகழ்கின்றன; மூன்றிலும் அவள் தோற்கிறாள். இறுதியாக ஒரு மணி நேரத்திற்குள் வேறோர் உயிரைக் கொண்டுவரும் வாய்ப்பு தரப்படுகிறது. முதிய மருந்தாளரும் இரவலரும் நோயுற்ற முதியோரும் தம் எஞ்சிய வாழ்நாளைத் தர மறுக்கின்றனர். அல்கெஸ்டிசில் முதிய பெற்றோர் மறுத்த நிகழ்ச்சியை இக்காட்சி எதிரொலிக்கிறது. அப்போது தீப்பற்றிய கட்டடத்திற்குள் ஒரு கைக்குழந்தை அகப்படுகிறது. அவள் உள்ளே செல்கிறாள். குழந்தையைப் பெற மரணமாக வருபவன் கைநீட்டுகிறான். அவள் அதனைத் தராமல் சாளரத்தின் வழியே தாயிடம் இறக்கிவிட்டுத் தன்னையே தருகிறாள்.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தன் எதிரே நிற்பவன் யார் என்பது அப்பெண்ணுக்குத் தொடக்கம் முதலே தெரியும். அவளே அவனைத் தேடிச் சென்றவள். இரண்டாவது, அவளுடைய இசைவு ஒரு மறுப்பிலிருந்து பிறக்கிறது. பிறர் உயிரைத் தருவதில்லை என்ற அறமுடிவுக்குப் பின்னரே தன் உயிரைத் தரும் முடிவு வருகிறது. லாங்கின் மரணம் காதலன் அல்லன். தன் பணியில் சலித்துப்போன ஊழியன். அவனுக்கு அவள்மீது இரக்கம் உண்டு, வேட்கை இல்லை. ஆகவே அவளுடைய முடிவை வளைப்பதற்கு அவனிடம் காரணமும் இல்லை.

4. விடுமுறையில் வந்த இளவரசன் (1934)

இத்தாலிய நாடகாசிரியர் ஆல்பெர்டோ கசெல்லாவின் 'லா மோர்தே இன் வகன்சா' 1924ஆம் ஆண்டின் படைப்பு. இதனை வால்டர் ஃபெரிஸ் ஆங்கிலத்தில் தழுவியமைக்க, 1929 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் மேடையேறியது. பாரமவுண்ட் நிறுவனம் 1934இல் இதைத் திரைப்படமாக்கியது. மேக்ஸ்வெல் ஆண்டர்சனும் கிளாடிஸ் லேமனும் திரைக்கதை எழுதினர். மரணமாக நடித்த ஃப்ரெட்ரிக் மார்ச், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் ஓருடலில் ஈருரு காட்டி ஆஸ்கர் பெற்றவர். ஒரே முகத்திற்குள் வேறொன்று ஒளிந்திருப்பதை உணர்த்தும் நடிகராக அன்றைய பார்வையாளர் அவரை அறிந்திருந்தனர்.

இத்தாலியில் டியூக் லாம்பெர்ட்டின் மாளிகையில் கதை நிகழ்கிறது. ஒளி ஊடுருவும் நிழலுருவாக வரும் மரணம், மனிதர் ஏன் தன்னை அஞ்சுகின்றனர் என்பதை அறிய விரும்புவதாக டியூக்கிடம் கூறுகிறது. மூன்று நாள்கள் விருந்தாளியாகத் தங்க இடம் கேட்கிறது. டியூக் எதிர்பார்த்திருந்த இளவரசர் சிர்கியின் உருவில் வருகிறது. உண்மையை வெளியிடக்கூடாது என்பது நிபந்தனை. அம்மூன்று நாள்களிலும் உலகில் எவரும் சாவதில்லை. மாளிகையின் பெண்கள் சிலர் சிர்கியால் ஈர்க்கப்படுகின்றனர். அவர்களுள் ஆல்டா என்பவள் அவனுடைய கண்களுக்குள் உற்றுநோக்கியதும் அஞ்சிப் பின்வாங்குகிறாள். கொராடோவுக்கு உரியவளாகக் கருதப்படும் கிராட்சியா (ஈவ்லின் வெனபிள்) மட்டும் அஞ்சுவதில்லை.

மூன்றாம் நாள் நள்ளிரவு நெருங்குகையில் உண்மை வெளிப்பட்டு, உறவினர் கிராட்சியாவை விட்டுவிடுமாறு சிர்கியிடம் மன்றாடுகின்றனர். காதல் என்பது கொண்டுபோவதன்று, விட்டுச்செல்வதே என உணர்ந்து அவன் தனியே செல்ல இசைகிறான். கதை இங்கேயே முடிந்திருக்கலாம். முடியவில்லை. அவன் தன் மெய்யுருவைக் காட்டுகிறான். தான் அவனை எப்போதும் இவ்வாறே கண்டுவந்ததாகக் கூறி அவள் உடன் செல்கிறாள்.

இம்முடிவை எவ்வாறு மதிப்பிடுவது? ஒருபுறம், மெய்யுரு அவளுக்குக் காட்டப்படுகிறது. குடும்பத்தார் அறிவர், அவளும் அறிவாள். முடிவு அவளுடைய வாயிலிருந்தே வருகிறது. மறுபுறம், திரைக்கதை அவளைத் தொடக்கம் முதலே உலகப் பற்றற்றவளாக, பிறருடைய கேளிக்கைகளில் ஒட்டாதவளாகப் படைத்துள்ளது. வாழ்வில் அவள் எதை இழக்கிறாள் என்பது காட்டப்படுவதே இல்லை. இழக்க ஒன்றுமில்லாதவளாக ஆக்கப்பட்ட பெண்ணின் இசைவை முழு இசைவு எனல் அரிது. லாங்கின் நாயகி குழந்தையைத் தர மறுத்ததுபோல் கிராட்சியா எதையும் மறுப்பதில்லை. எனவே 1934ஆம் ஆண்டின் படத்தில் அறிதல் முழுமையாகவும் தேர்வு ஒருதலையாகவும் உள்ளன என்பதே சரியான மதிப்பீடாகும்.

படத்தின் முடிவுக்குத் தணிக்கைத் தளர்ச்சியைக் காரணமாகக் காட்டவும் இடமுண்டு. அமெரிக்கத் தயாரிப்பு நெறிமுறை 1934 ஜூலைக்குப் பின்னரே கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. இப்படம் அவ்வாண்டின் பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் காதலி மரணத்துடன் செல்லும் முடிவு மேடை நாடகத்திலேயே உள்ளமையால், தணிக்கை வரலாற்றை மட்டும் கொண்டு இதனை விளக்க இயலாது.

5. 'விடுமுறை' என்னும் கருத்தின் மாற்றம்

1934ஆம் ஆண்டின் படத்தில் விடுமுறை என்பது உலகு தழுவியது. மரணம் ஓய்வெடுத்தால் சாவே நின்றுவிடும். ஆகவே மாளிகையில் நடப்பது தனியொரு குடும்பத்தின் செய்தியன்று. உலகின் ஒழுங்கு அதனுடன் பிணைந்துள்ளது. சிர்கி திரும்பிச் சென்றாக வேண்டும் என்பதில் பார்வையாளரும் உடன்படுகின்றனர். 1939இல் வெளிவந்த 'ஆன் பாரோட் டைம்' படம் இக்கருத்தை மேலும் வெளிப்படையாக்கியது. அதில் மரணமாகிய திரு. பிரிங்க் ஆப்பிள் மரத்தின்மேல் சிக்கவைக்கப்பட, வேதனையுறுவோரும் சாக இயலாமல் துன்புறும் நிலை சுட்டப்படுகிறது. சாவற்ற உலகம் இரக்கமற்ற உலகமும் ஆகும் என்பதே இக்கதைகளின் உட்கிடை.

1998ஆம் ஆண்டின் படத்தில் இக்கருத்து மறைந்துவிடுகிறது. ஜோ பிளாக் நியூயார்க்கில் தங்கியிருக்கும் நாள்களில் உலகில் சாவு நின்றதாகக் குறிப்பேதும் இல்லை. மருத்துவமனையில் நோயுற்றிருக்கும் ஜமைக்க முதுபெண் அவனை இனங்கண்டு தன்னை விடுவிக்க வேண்டுகிறாள். பின்னர் அவன் அவ்வாறே செய்கிறான். அதாவது, விடுமுறை தனிமனித அனுபவமாகச் சுருங்கிவிட்டது. உலக ஒழுங்கு பற்றிய கதை, ஒரு செல்வரின் வீட்டைப் பற்றிய கதையாகியது. படத்தின் நீளமும் இதனுடன் தொடர்புடையது. 79 நிமிடங்களில் சொல்லப்பட்ட கதை ஏறத்தாழ மூன்று மணிநேரமாக நீண்டது. கூடுதல் நேரத்தின் பெரும்பகுதி வில்லியம் பாரிஷ் (ஆந்தனி ஹாப்கின்ஸ்) என்னும் ஊடகத் தொழிலதிபரின் நிறுவனத்தை வேறொரு நிறுவனத்துடன் இணைக்கும் பூசலுக்கும், மருமகனாக வரவிருந்த ட்ரூவின் வஞ்சகத்திற்கும் செலவாகிறது.

6. தந்தையின் இசைவு (1998)

பாரிஷின் 65ஆம் பிறந்தநாள் நெருங்குகிறது. அவருடைய மகள் சூசன் (கிளேர் ஃபோர்லானி) ஒரு மருத்துவர். காலையில் காப்பிக் கடையில் ஓர் இளைஞனைச் சந்தித்து ஈர்க்கப்படுகிறாள். அவன் சிறிது நேரத்தில் சாலை விபத்தில் இறக்கிறான். அவ்வுடலை எடுத்துக்கொண்டு (பிராட் பிட்) மரணம் பாரிஷின் வீட்டிற்கு வருகிறது. மனித வாழ்வைக் காட்டும் வழிகாட்டியாக அவர் இருக்கும்வரை அவருக்கு வாழ்நாள் நீட்டிப்பு என்பது உடன்பாடு.

இங்கு முன்னிரு படங்களிலும் இல்லாத ஒரு சிக்கல் எழுகிறது. சிர்கியின் உருவத்தைக் கிராட்சியா முன்னரே காதலித்திருக்கவில்லை. சூசனோ அவ்வுடலுக்குரிய இளைஞனைச் சந்தித்தவள். அவள் நெருங்குவது ஒருவனை. நெருக்கத்தைப் பெறுவது இன்னொருவன். தன் காதலன் யார் என்பதை அறியாமலேயே அவள் இசைகிறாள். பாரிஷ் இதனை உணர்ந்தவர். சூசனைத் தன்னுடன் கொண்டுபோவதாக ஜோ கூறும்போது, உண்மையைச் சொல்லாமலும் பொறுப்பேற்காமலும் கொள்வது காதலாகாது என அவர் வாதிடுகிறார். படத்தின் அறவுச்சம் இவ்வுரையாடலே.

ஆனால் இவ்வுரையாடல் நிகழ்வது இரு ஆண்களிடையே. அதன் விளைவாக ஜோ தன் முடிவை மாற்றிக்கொள்கிறான். பிறந்தநாள் விழாவின் இரவில் சூசனிடம் விடைபெறுகிறான். தான் யார் என்பதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. அவள் ஓரளவு உய்த்துணர்கிறாள். உணர்ந்ததைச் சொல்லாக்க முடியாமல் நிற்கிறாள். பின்னர் பாரிஷும் ஜோவும் தோட்டப் பாலத்தைக் கடந்து மறைகின்றனர். காப்பிக் கடை இளைஞன் உயிருடன் திரும்பி வருகிறான். அல்கெஸ்டிஸ் மீட்கப்பட்டுப் பேச்சற்று நின்றதுபோல், சூசனுக்கு ஒரு வாழ்வு மீட்டுத் தரப்படுகிறது. அதன் விலை என்ன என்பது அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. சாவை அன்றாடம் எதிர்கொள்ளும் மருத்துவராக அவளைப் படைத்த திரைக்கதையே, சாவைப் பற்றிய உண்மையை அவளிடமிருந்து விலக்கி வைப்பது முரணாகும்.

இம்முரணை மரண வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குவது பயனுடையது. பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஃபிலிப் ஆரியேஸ் 1970களில் எழுதிய நூல்களில், மேலை நாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் மரணம் மறைக்கப்பட்டதொன்றாக மாறியதை விளக்கினார். தன் இறுதிக் காலத்தைத் தானே அறிந்து, சுற்றத்தார் சூழ விடைபெறுவது பழைய வழக்கம். புதிய காலத்தில் நோயாளிக்கு உண்மை மறைக்கப்பட, மருத்துவரும் குடும்பத்தாரும் மட்டும் அதனை அறிந்து நடிக்கின்றனர் என்பது அவர் கருத்து. 1961இல் டொனால்டு ஓக்கன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மருத்துவருள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் தெரிவிக்காமையையே விரும்பினர். 1979இல் வெளியான மற்றோர் ஆய்வில் இந்நிலை முற்றிலும் மாறி, 97 விழுக்காட்டினர் தெரிவிப்பதையே விரும்பினர். இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே, 1969இல், எலிசபெத் கூப்ளர்-ராஸின் 'மரணமும் இறத்தலும்' பற்றிய நூல் வெளிவந்திருந்தது.

'மீட் ஜோ பிளாக்' இம்மாற்றத்திற்குப் பிந்தைய படைப்பு. அதில் இறக்கப்போகிறவர் அறிவார். தம் பணிகளை ஒழுங்குசெய்து விடைபெறவும் செய்கிறார். இவ்வகையில் ஆரியேஸ் கூறிய பழைய நன்மரணம் அதில் மீள்கிறது. ஆனால் மறைப்பு ஒழியவில்லை, இடம் மாறியுள்ளது. முன்பு குடும்பம் அறிந்து நோயாளி அறியாதிருந்தார். இங்கு இறப்பவர் அறிந்து குடும்பம் அறியாதிருக்கிறது. 1934ஆம் ஆண்டின் படத்தில் இறுதியில் அனைவரும் அறிகின்றனர் என்பதை ஒப்புநோக்க, இவ்விடமாற்றம் தெளிவாகும்.

7. இலக்கணப் பாலும் மரணத்தின் உருவும்: கொக்தோவின் மாற்று (1950)

மரணம் ஆணாகவும் காதலுக்குரியவர் பெண்ணாகவும் அமைவதே இச்சிக்கலுக்குக் காரணமா என்னும் வினா எழுதல் இயல்பு. இதற்கு விடைகாண மொழியின் பக்கம் திரும்பவேண்டும். ஜெர்மனில் மரணத்தைக் குறிக்கும் சொல் ஆண்பால். பிரெஞ்சு, இத்தாலியம், உருசியம் ஆகியவற்றில் பெண்பால். ஜெர்மன் கதைகளின் மொழிபெயர்ப்பில் மரணம் கிழவனாக வரக் கண்டு வியந்த உருசியக் குழந்தையைப் பற்றி ரோமன் யாக்கப்சன் 1959இல் எழுதியுள்ளார். எட்வர்டு செகல், லேரா போரோடிட்ஸ்கி ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஐரோப்பிய ஓவியங்களில் மனிதவுருவாக்கப்பட்ட கருத்துகளின் பால், ஓவியரின் தாய்மொழி இலக்கணப் பாலுடன் பெரும்பாலும் ஒத்திருப்பதைக் காட்டியது.

தமிழில் எழுதுவோர்க்கு இது வேறு வகையில் நேர்கிறது. மரணம், சாவு, கூற்றம் என்பன அஃறிணை. கூற்றுவன், காலன் என்பன உயர்திணை ஆண்பால். 'மரணம் காதலித்தது' என்பதா, 'காலன் காதலித்தான்' என்பதா என்று ஒவ்வொரு தொடரிலும் முடிவு செய்யவேண்டியுள்ளது. முன்னது மனிதவுருவை மறைக்கிறது; பின்னது எமனைப் பற்றிய தொன்மத்தை உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. இக்கட்டுரை இயன்றவரை மாந்தரின் பெயர்களாலேயே சுட்டுவதற்கு இதுவே காரணம்.

கசெல்லாவின் மொழியில் மரணம் பெண்பால். எனினும் அவர் படைத்தது ஆண் இளவரசன். 'மரணமும் கன்னியும்' மரபின் வலிமை இலக்கணத்தை விஞ்சியுள்ளது எனலாம். கொக்தோவோ இலக்கணத்துடன் சென்றார். 1950இல் வெளிவந்த 'ஓர்ஃபே'யில் மரணம் ஓர் இளவரசி (மரியா கசாரெஸ்). கவிஞன் ஓர்ஃபே (ழான் மரே) மீது அவள் காதல் கொள்கிறாள். அவளும் தனக்கு மேலுள்ள ஆணைகளுக்குக் கட்டுப்பட்டவள். விதி மீறியதற்காகத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்படுகிறாள். காரின் வானொலியில் வரும் புதிர்ச் செய்திகள், போர்க்காலத்தில் இலண்டன் வானொலி ஒலிபரப்பிய மறைகுறிச் செய்திகளை நினைவூட்டுகின்றன. ஆக்கிரமிப்பையும் விசாரணைகளையும் கண்ட ஒரு நாட்டின் மறுவுலகு இது. இறுதியில் இளவரசி காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தி ஓர்ஃபேயை அவனுடைய மனைவியிடம் அனுப்பிவிட்டுத் தண்டனையை ஏற்கச் செல்கிறாள். ஓர்ஃபேக்கு நடந்தது எதுவும் நினைவில் இல்லை.

பால் மாறியபோதும் ஒன்று மாறவில்லை. காதலுக்குரியவர் காப்பாற்றப்படுகிறார், ஆனால் தாம் காப்பாற்றப்பட்டதை அறிவதில்லை. முடிவு மரணத்தினுடையது. எனவே சூசனின் அறியாமையை ஆண்–பெண் படிநிலையின் விளைவாக மட்டும் விளக்க இயலாது. தியாகம் செய்யும் மரணம் என்னும் புதிய கதைவடிவமே, தியாகத்தைப் பெறுபவரை அறியாதவராக்குகிறது. எனினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. ஓர்ஃபே தன் மரணம் யாரென்பதை அறிந்து காதலித்தவன். பின்னரே மறதி தரப்பட்டது. சூசனுக்கு அந்த அறிதல் எந்நிலையிலும் முழுமையாக வாய்க்கவில்லை. மேலும், ஓர்ஃபேக்காக எவரும் வாதிடவில்லை. சூசனுக்காக அவளுடைய தந்தை வாதிடுகிறார். பாலின நோக்கு பொருந்தும் இடம் இதுவே.

8. முடிவுரை

நான்கு படங்களையும் கால வரிசையில் வைத்து நோக்குகையில் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1921இல் காதலி மரணத்தை அறிவாள். பிறர் உயிரைத் தர மறுத்துத் தன்னுயிரைத் தருகிறாள். அறிதலும் தேர்வும் அங்கு ஒருங்கே உள்ளன. 1934இல் அவள் அறிகிறாள், இசைகிறாள். ஆனால் வேறு எதையும் விரும்பாதவளாக முன்னரே படைக்கப்பட்டுள்ளாள். 1950இல் காதலன் அறிந்து, பின் மறக்கவைக்கப்பட்டுக் காக்கப்படுகிறான். 1998இல் காதலி அறியாமலேயே காக்கப்படுகிறாள். உயிர் காக்கப்படுவதும் உண்மை அறியப்படுவதும் இப்படங்களில் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்துள்ளன.

இதனால் பழைய படங்கள் சிறந்தவை என்றோ, இளம்பெண் மரணத்துடன் செல்வது போற்றத்தக்கது என்றோ கொள்ளுதல் தவறாகும். கிராட்சியாவின் முடிவு, சாவை அழகுபடுத்தும் நெடிய மரபின் ஒரு கண்ணி. அதனை ஐயத்துடனேயே நோக்கவேண்டும். இக்கட்டுரை வலியுறுத்துவது வேறு. ஒருவரைத் துயரிலிருந்து காப்பதாகக் கருதி அவரிடம் உண்மையை மறைப்பது மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் இன்றும் நிகழ்வது. அச்செயல் அன்பெனத் தோன்றும்போது அதில் உள்ள உரிமைப் பறிப்பு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மிகைபுனைவுக் காதல் படம் எனத் தள்ளிவைக்கப்படும் கதைகள் அந்த நடைமுறையின் வரலாற்றைத் தம்முள் பதிந்துவைத்துள்ளன.

'டெத் டேக்ஸ் எ ஹாலிடே' 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் படமாகவும், 2011இல் இசைநாடகமாகவும் மறுவடிவம் பெற்றுள்ளது. மெக்சிகோவின் 'மகாரியோ' (1960) போன்று காதலுக்கு இடந்தராமல் மரணத்தை மனிதராக்கும் படங்களும் உள்ளன. இவற்றில் அறிதலும் இசைவும் பெறும் இடத்தை ஒப்பாய்வது, இங்குப் பெறப்பட்ட முடிவுகளைச் சோதித்துப் பார்க்க உதவும்.